ஏஜென்ட்டை ஃபிக்மாவோடும் என்8என்னோடும் இணைக்க எந்த எம்சிபி சர்வர்?

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒரு சிறிய அணி. ஒரு ஜவுளிக்கடைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையக்கடை கட்டிக்கொண்டிருக்கிறோம். வடிவமைப்பு முழுக்க ஃபிக்மா என்ற திரை வடிவமைப்புச் செயலியில். கோட் எழுதுபவர்களில் ஒருவர் கர்சர் ஆள், இன்னொருவர் கிளாட் கோட் (இரண்டும் சொன்னதைக் கேட்டு நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட்கள்). ஆர்டர் வந்தால் வாட்ஸ்அப்பில் தகவல் சொல்வது, இருப்புப் பட்டியலைத் திருத்துவது போன்றவற்றைச் சொந்த சர்வரில் ஓடும் என்8என் என்ற தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்கிறது.

ஏஜென்ட்டிடம் மூன்று வேலை வாங்க வேண்டும். ஃபிக்மா ஃபிரேமை (ஒரு திரையின் வரைவு) படித்து, எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ரியாக்ட் காம்போனன்ட்களை (பொத்தான், அட்டை போன்ற ஆயத்தக் கோட் துண்டுகள்) வைத்தே பக்கத்தை எழுத வேண்டும். கடைக்காரர் அனுப்பும் தமிழ் வாசகங்களை ஃபிக்மாவில் உரிய இடங்களில் போட வேண்டும். அப்புறம், கடையில் இருப்பவர் "இந்த ஆர்டர் எங்கே நிற்கிறது?" என்று கேட்டால் என்8என் வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏஜென்ட்டை வெளிச் செயலிகளோடு இணைக்கும் எம்சிபி சர்வர்களைத் தேடினால் ஃபிக்மாவின் சொந்த சர்வர், ஃப்ரேம்லிங்க், டாக் டு ஃபிக்மா, ஜேப்பியர், மேக் (இரண்டும் என்8என் மாதிரி தானியங்கிச் சேவைகள்), என்8என்-எம்சிபி என்று பட்டியல் நீள்கிறது. ஒப்பீட்டுப் பதிவுகளில் பாதி, கிட்ஹப் நட்சத்திரங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். "தேவையைப் பொறுத்தது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தேவையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

பழையபஞ்சாங்கம் எழுதியது:

நட்சத்திரத்தை விடுங்கள். ஒவ்வொரு சர்வரும் எந்த வழியாக ஃபிக்மாவுக்குள் போகிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட திறந்த நெறிமுறை. 2025 மார்ச்சில் ஓபன்ஏஐயும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் போய்விட்டது. அதனால் கர்சருக்கு ஒன்று, கிளாட் கோடுக்கு ஒன்று என்று தேட வேண்டாம், ஒரே சர்வர் இரண்டுக்கும் போதும். உள்ளே ஓடுவது ஜேசன்-ஆர்பிசி 2.0 என்ற வடிவத்தில் எழுதிய வெறும் உரைச் செய்திகள். சர்வர் தன்னிடம் உள்ள டூல்களின் (செய்து தரும் வேலைகளின்) பட்டியலைக் கொடுக்கும், ஏஜென்ட் வேண்டியதை அழைக்கும். ஃபிக்மா வெளியாருக்குத் திறந்துவிடாத எதையும் எந்த எம்சிபி சர்வரும் செய்து தராது.

ஃபிக்மாவுக்குள் போக நெடுநாளாக இருப்பவை இரண்டு வழிகள். வெளி நிரல்கள் ஃபிக்மாவிடம் தரவு கேட்கும் வாசலான ரெஸ்ட் ஏபிஐ வழியாகக் கோப்பைப் படிக்கலாம், ஃபிரேமைப் படமாக எடுக்கலாம், கருத்துரை போடலாம். ஆனால் கேன்வாஸில் இருக்கும் ஒரு செவ்வகத்தை ஒரு பிக்சல் நகர்த்த முடியாது. ஃபிக்மாவுக்குள் ஓடும் சிறு நிரல்களுக்கான பிளகின் ஏபிஐ வழியாகத் திறந்திருக்கும் கோப்பில் ஏறக்குறைய எதையும் மாற்றலாம். ஆனால் யாராவது ஃபிக்மாவைத் திறந்து அந்த பிளகினை ஓடவிட்டிருக்க வேண்டும்.

ஃப்ரேம்லிங்க் முதல் வழிக்காரர். உங்கள் தனிப்பட்ட டோக்கனை (கடவுச்சொல் மாதிரியான சாவி) வாங்கிக்கொண்டு, ரெஸ்ட் ஏபிஐயிலிருந்து கொட்டும் பிரம்மாண்டமான ஜேசன் தரவைச் சுருக்கி ஏஜென்ட்டுக்குத் தரும். டாக் டு ஃபிக்மா இரண்டாம் வழிக்காரர். எம்சிபி சர்வர், நடுவே 3055-ஆம் போர்ட்டில் இரு பக்கமும் செய்தி கடத்தும் ஒரு வெப்சாக்கெட் சர்வர், ஃபிக்மாவுக்குள் ஒரு பிளகின் என மூன்று துண்டுகள் அதில் உண்டு. பிளகின் காட்டும் சேனல் பெயரைச் சொல்லித்தான் ஏஜென்ட் இணைய முடியும். மூன்றில் ஒன்று படுத்தாலும் மொத்தமும் படுத்துவிடும்.

ஃபிக்மாவின் சொந்த சர்வர் 2025 ஜூனில் பீட்டாவாக வந்தது. டெஸ்க்டாப் செயலியைத் திறந்து வைத்திருந்தால் உங்கள் கணினியிலேயே 3845-ஆம் போர்ட்டில் ஓடும். பிறகு பிரௌசரில் உள்நுழைந்து அனுமதி கொடுத்தால் போதும் என்ற தொலை சர்வரும் வந்தது. தொடக்கத்தில் அது படிக்க மட்டும்தான். எழுதும் வசதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவருகிறார்கள்.

ஆக, உங்கள் முதல் வேலைக்கு ஃபிக்மாவின் சர்வர் அல்லது ஃப்ரேம்லிங்க். இரண்டாவது வேலைக்கு பிளகின் வழி. மூன்றாவது வேறு உலகம், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கட்டம்போடுபவள் எழுதியது:

நான் வடிவமைப்புப் பக்கத்து ஆள். பஞ்சாங்கம் சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் சர்வரைவிட ஃபிக்மா கோப்பு எப்படி இருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஃபிக்மாவின் சர்வர், ஃப்ரேம்லிங்க் இரண்டையும் ஒரே கோப்பில் விட்டுப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆட்டோ லேஅவுட் (உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக ஒழுங்கமையும் வசதி) இல்லாத ஃபிரேமைக் கொடுத்தால், இரண்டில் எதுவானாலும் ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது எக்ஸ், ஒய் எண்கள்தான். அது அவற்றை அப்படியே நம்பி எல்லாவற்றையும் ஆணியடித்த மாதிரி நிலையான இடங்களில் வைத்துவிடும். கைபேசித் திரையில் திறந்தால் கண்ணீர் வரும். "ஃபிரேம் 427", "குரூப் 12" என்று லேயர்களுக்குப் பெயர் இருந்தால், காம்போனன்ட்டை அடையாளம் காண ஏஜென்ட்டுக்கு எந்தத் துப்பும் இருக்காது. நிறங்களை வேரியபிளாக (பெயரிட்ட மதிப்பாக) வைக்காமல் ஹெக்ஸ் எண்ணாகவே தூவியிருந்தால் கோடிலும் அப்படியேதான் வரும்.

இனி வித்தியாசம். ஃபிக்மாவின் சர்வர் கேட்ட ஃபிரேமை ரியாக்ட்டும் டெயில்விண்டும் (தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் நூலகம்) கலந்த கோடாகவே தருகிறது. கூடவே ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு டூல், வேரியபிள்களை வாங்க ஒரு டூல். ஃபிக்மாவின் கோட் கனெக்ட் வசதியை அமைத்திருந்தால் "இந்த ஃபிக்மா பொத்தான் உங்கள் ரெப்போவில் (கோட் கிடங்கில்) இருக்கும் இந்த காம்போனன்ட்" என்றும் சொல்லிவிடும். அது பிரமாதம். ஆனால் கோட் கனெக்ட் ஆர்கனைசேஷன், எண்டர்பிரைஸ் திட்டங்களுக்குத்தான். சிறிய அணிகளுக்குக் கைக்கு எட்டாது.

ஃப்ரேம்லிங்க் கோட் தருவதில்லை. அமைப்பு, இடைவெளி, நிறம், எழுத்து என்று ஒரு விவரணை தரும். கோடை ஏஜென்ட் தானே எழுத வேண்டும். சொந்த காம்போனன்ட் நூலகம் வைத்திருப்பவர்களுக்கு இது சில சமயம் நல்லதாகவே அமைகிறது. தயாராக வரும் டெயில்விண்ட் கோடைப் பார்த்தால் ஏஜென்ட் அதையே காப்பியடிக்கும். உங்கள் பொத்தானைத் தேடிப் போகாது.

கோட் கனெக்ட் இல்லாமலேயே ஒரு வழி இருக்கிறது. ஃபிக்மாவில் காம்போனன்ட் பெயரும் ரெப்போவில் காம்போனன்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி செய்யுங்கள். ஏஜென்ட்டின் விதிக் கோப்பில் "இந்தப் பெயரில் ஃபிக்மாவில் எது வந்தாலும் இந்த அடைவிலிருந்து எடு, புதிதாக எழுதாதே" என்று எழுதி வையுங்கள். சலிப்பான வேலைதான். பலன் எந்த சர்வர் மாற்றத்தையும்விடப் பெரிது.

பெரிய பக்கத்தை ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். கிளாட் கோடில் ஒரு டூல் திருப்பித் தரும் பதிலுக்கு 25,000 டோக்கன் (ஏஐ உரையை அளக்கும் சிறு துண்டு, மேலே சொன்ன சாவி அல்ல) என்று இயல்பான உச்சவரம்பு இருக்கிறது. முழு முகப்புப் பக்கத்தைக் கேட்டால் அதைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். ஃபிக்மாவின் சர்வரில் லேயர்களின் பெயர், வகை, அளவு மட்டும் தரும் மெல்லிய டூல் ஒன்று இருக்கிறது. முதலில் அதை அழைக்கச் சொல்லி, பிறகு துண்டு துண்டாகக் கேட்கச் சொல்லுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

அக்கா, இது போதும் ஒரு வாரத்துக்கு. பெயர்களை ஒன்றாக்கும் வேலையை இன்றே தொடங்குகிறேன்.

ஒரு சிக்கல். வடிவமைப்பாளருக்கு மட்டும்தான் ஃபிக்மாவில் முழு இருக்கை (ஆளுக்கொரு கட்டண உரிமம்) வாங்கியிருக்கிறோம். கோட் எழுதும் இருவரும் பார்வையாளர்கள். இலவச டோக்கன் வைத்து ஃப்ரேம்லிங்க் ஓட்டினால் இருக்கைக் காசு மிச்சமாகும் என்று நினைத்திருந்தோம்.

சில்லறைக்கணக்கு எழுதியது:

மிச்சமாகாது.

ஃபிக்மாவின் சர்வரில் பார்வையாளர் இருக்கைக்கு மாதத்துக்கு 6 டூல் அழைப்புகள்தான். அதைத் தெரிந்துகொண்டு எல்லோரும் ஃப்ரேம்லிங்க் பக்கம் ஓடினார்கள். ஆனால் 2025 நவம்பரில் ரெஸ்ட் ஏபிஐக்கும் இருக்கை வகைப்படி வரம்பு கொண்டுவந்துவிட்டார்கள். கோப்பைப் படிக்கும் அழைப்புக்கு அங்கேயும் பார்வையாளருக்கு மாதம் 6தான். சர்வர் எதுவானாலும் பின்னால் இருப்பது அதே ஃபிக்மா. கோட் எழுதும் இருவரில் ஒருவருக்காவது டெவ் இருக்கை வாங்குங்கள். முழு இருக்கையைவிட விலை குறைவு.

தானியங்கிப் பக்கத்துக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே விலைப்பட்டியலைப் படிக்காமல் ஒப்பிடுபவர்கள் அதிகம். ஜேப்பியர் எம்சிபியில் 8,000-க்கும் மேற்பட்ட செயலிகள் கிடைக்கும், நிறுவ எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு எம்சிபி அழைப்பும் உங்கள் திட்டத்திலிருந்து 2 டாஸ்க்குகளைக் கழிக்கும். ஏஜென்ட் ஒரு கேள்விக்குப் பதில் தேட அஞ்சாறு முறை அழைப்பது சர்வசாதாரணம். பெருக்கிப் பாருங்கள். மேக்கில் ஒவ்வொரு படிக்கும் கிரெடிட் போகும். என்8என் கிளவுடில் வொர்க்ஃப்ளோ (வரிசையாக ஓடும் படிகளின் தொகுப்பு) ஒரு முறை ஓடினால் ஒரு கணக்கு, உள்ளே எத்தனை படி இருந்தாலும் சரி. உங்களைப் போல் சொந்த சர்வரில் வைத்திருந்தால் அந்த எண்ணிக்கையும் இல்லை, சர்வர் வாடகை மட்டும்.

ஆகவே உங்களுக்கு ஜேப்பியர் வேண்டாம். சர்வர் பராமரிக்க ஆள் இல்லாத கடைக்காரருக்கு நான் ஜேப்பியரைத்தான் சொல்வேன், அது வேறு கதை.

தறியோட்டி எழுதியது:

என்8என் பக்கம் நான் வருகிறேன். "என்8என் எம்சிபி" என்று தேடினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருள்கள் வரும். பல ஒப்பீடுகள் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து மதிப்பெண் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, என்8என்னுக்குள்ளேயே இருக்கும் எம்சிபி சர்வர் டிரிக்கர் நோடு (நோடு என்றால் வொர்க்ஃப்ளோவின் ஒரு படி). நீங்கள் எழுதி வைத்திருக்கும் வொர்க்ஃப்ளோவை ஏஜென்ட் அழைக்கக்கூடிய டூலாக வெளியே காட்டும். இன்னொன்று, என்8என்-எம்சிபி என்ற சமூகத் திட்டம். அது என்8என் நோடுகளின் ஆவணங்களை ஏஜென்ட்டுக்குப் புகட்டி, புதிய வொர்க்ஃப்ளோக்களை எழுதவும் சரிபார்க்கவும் உதவும். முன்னது வேலையை ஓட்டுவதற்கு, பின்னது வேலையைக் கட்டுவதற்கு. உங்கள் மூன்றாவது தேவைக்கு முன்னது மட்டும் போதும். பின்னதைக் கோட் எழுதுபவரின் கணினியில், சோதனைக்கான என்8என்னோடு மட்டும் வையுங்கள். உண்மையான ஆர்டர்கள் ஓடும் சர்வரின் ஏபிஐ சாவியை அதற்குக் கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்ஃப்ளோவை அது திருத்த முடியும்.

டிரிக்கர் நோடு வைக்கும்போது வழக்கமாக இடறும் இடங்கள். சோதனை முகவரி வேறு, நிஜ முகவரி வேறு. வொர்க்ஃப்ளோவைச் செயலில் விட்டால்தான் நிஜ முகவரி பதில் சொல்லும். முன்னால் என்ஜின்எக்ஸ் (அழைப்புகளை வாங்கிக் கடத்தும் இணையச் சர்வர்) இருந்தால் அந்த முகவரிக்கு மட்டும் ப்ராக்ஸி பஃபரிங்கை (பதிலைத் தேக்கி அனுப்புவதை) நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இணைப்பு வந்த மாதிரி இருக்கும், பதில் வராது. என்8என்னை வரிசை முறையில் (கியூ மோட்) பல பிரதிகளாக ஓட்டுகிறீர்கள் என்றால் எம்சிபி முகவரிக்கு வரும் எல்லா அழைப்புகளையும் ஒரே பிரதிக்கு அனுப்ப வேண்டும். அங்கீகாரத்தை "எதுவுமில்லை" என்று விடவே கூடாது, பியரர் டோக்கனாவது (அழைப்போடு வரும் ரகசியச் சாவி) வையுங்கள்.

அப்புறம் டூலின் விவரணை. பலர் அதில் "ஆர்டர் டூல்" என்று ரெண்டு சொல் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏஜென்ட் எந்த டூலை எப்போது எடுப்பது என்று முடிவு செய்ய அந்த வரிகள்தான் ஆதாரம். "ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் அதன் நிலையைத் தரும். வாடிக்கையாளர் பெயரை வைத்துத் தேடாது. எண் இல்லாவிட்டால் முதலில் எண்ணைக் கேள்" என்ற அளவுக்கு எழுதுங்கள்.

வலைவீசி எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். கடைக்காரர் கணக்குவழக்கை ஜோஹோவில் வைத்திருந்தால்? அவர்களும் எம்சிபி சர்வர் அறிவித்தார்களே.

தறியோட்டி எழுதியது:

ஆமாம், 2025 ஜூலையில் சியா எல்எல்எம் என்ற தங்கள் ஏஐ மொழி மாதிரியோடு சேர்த்து அறிவித்தார்கள். எல்லாமே ஜோஹோவுக்குள் இருக்கிற கடை என்றால் அதையே நேராக இணைப்பது சுலபம். நூல்கண்டுக்கு ஆர்டர் விவரம் என்8என் வழியாக ஓடுவதால் இன்னொரு சர்வர் கூடுதல் சுமைதான்.

பூட்டுசாவி எழுதியது:

யாரும் பாதுகாப்பைத் தொடாததால் நான் தொடுகிறேன்.

மேலே பேசப்பட்ட பெயர்களிலேயே பார்ப்போம். ஃப்ரேம்லிங்கில் 2025 அக்டோபரில் ஓர் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது (ஓட்டைகளுக்கான பொதுப் பதிவெண் சிவிஇ-2025-53967). வழக்கமான முறையில் ஃபிக்மாவிடமிருந்து தரவை எடுக்க முடியாதபோது, அது கணினிக்குக் கட்டளையிடும் ஷெல் வழியாக, தரவை இறக்கும் கர்ல் கட்டளையை ஓட்டியது. அந்தக் கட்டளைக்குள் போகும் முகவரியைச் சுத்தப்படுத்தவில்லை. அதில் வேறு கட்டளையை நுழைத்தால் உங்கள் கணினியில் ஓடும். 0.6.3 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். பழைய பதிப்பு எண்ணைக் கட்டமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு மறந்தவர்கள் இப்போதே பாருங்கள்.

தொலை சர்வரை இணைக்கப் பலர் நடுவில் வைக்கும் எம்சிபி-ரிமோட் என்ற தொகுப்பில், 2025 ஜூலையில் பத்துக்கு 9.6 அபாய மதிப்பெண் பெற்ற ஓட்டை. தீய சர்வரோடு இணைந்தாலே உங்கள் கணினியில் கட்டளை ஓட்ட முடிந்தது. 0.1.16-இல் சரியானது. என்8என்னில் 2025 டிசம்பரில் ஒரு 9.9, அடுத்த மாதமே ஒரு முழு 10. சொந்த சர்வரில் ஓட்டினால் எண்ணிக்கைக் கட்டணம் இல்லை என்று சில்லறைக்கணக்கு சொன்னது சரிதான். ஆனால் அந்த இரண்டு முறையும் உட்கார்ந்து மேம்படுத்த வேண்டிய ஆள் நீங்கள்.

இவை எல்லாம் கவனக்குறைவால் வந்தவை. வேண்டுமென்றே செய்ததும் உண்டு. 2025 செப்டம்பரில் பிடிபட்ட போஸ்ட்மார்க்-எம்சிபி என்ற என்பிஎம் தொகுப்பு (என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் களஞ்சியம்), மின்னஞ்சல் சேவையான போஸ்ட்மார்க் நிறுவனத்துடையதே அல்ல. முதல் 15 பதிப்புகள் ஒழுங்காக வேலை செய்தன. 1.0.16-இல், போகும் ஒவ்வொரு மின்னஞ்சலின் நகலையும் வேறொரு முகவரிக்கு அனுப்பும் ஒரே ஒரு வரி சேர்ந்தது. அதனால் பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். "எப்போதும் புதியதை எடு" என்று விட்டால், இரவோடிரவாக என்ன வந்து இறங்கியது என்றே தெரியாது.

நூல்கண்டுக்கு இதைவிட முக்கியமானது ஒன்று. மென்பொருளாளர் சைமன் வில்லிசன் 2025 ஜூனில் எழுதினார்: அந்தரங்கத் தரவு, நம்ப முடியாத வெளி உரை, வெளியே அனுப்பும் வசதி, இந்த மூன்றும் ஒரே ஏஜென்ட்டிடம் சேரக் கூடாது. உங்கள் கடையைப் பாருங்கள். ஆர்டர் விவரம் அந்தரங்கம். ஆர்டரோடு வாங்குபவர் எழுதும் "குறிப்பு" கட்டம் வெளி உரை. அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஏஜென்ட்டுக்கான உத்தரவைக்கூட. வாட்ஸ்அப் வொர்க்ஃப்ளோவையும் டூலாகக் கொடுத்துவிட்டால் மூன்றும் கூடிவிட்டன.

ஆகவே ஏஜென்ட்டுக்கு ஒரே ஒரு டூல். ஆர்டர் எண் உள்ளே போகும், நிலையும் அனுப்பிய தேதியும் வெளியே வரும். குறிப்புக் கட்டம், தொலைபேசி எண், முகவரி எதையும் திருப்பித் தராதீர்கள். வாட்ஸ்அப் வழக்கம்போல் தானாக ஓடட்டும், ஏஜென்ட்டின் கைக்கு வேண்டாம். ஃபிக்மா டோக்கனுக்கும் படிக்கும் அனுமதி மட்டும். எல்லா அனுமதியும் உள்ள டோக்கனை ஏஜென்ட்டிடம் கொடுப்பது, விளக்கு போட வந்தவரிடம் மண்டபத்துச் சாவிக்கொத்தையே கொடுப்பது மாதிரி.

சும்மாஒருஆள் எழுதியது:

இவ்வளவு பயந்தால் எதையுமே செய்ய முடியாது ப்ரோ. நான் இருக்கிற எல்லா சர்வரையும் போட்டு வைத்திருக்கிறேன். தேவைப்பட்டதை ஏஜென்ட் எடுத்துக்கொள்ளும். ஜாலியாக ஓடுகிறது.

பூட்டுசாவி எழுதியது:

உங்கள் கணினியில் உங்கள் கோப்பு என்றால் உங்கள் விருப்பம். நூல்கண்டிடம் இருப்பது அடுத்தவரின் வாடிக்கையாளர் பட்டியல்.

பழையபஞ்சாங்கம் எழுதியது:

சும்மாஒருஆள், பாதுகாப்பை ஒதுக்கிவிட்டாலும் அது வேலைக்கு ஆகாது. டூல்களின் விவரணைகளை முன்கூட்டியே ஏற்றும் ஏஜென்ட்டில், நீங்கள் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் அவை அதன் நினைவில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பட்டியல் நீளநீளத் தவறான டூலை எடுக்கும் வாய்ப்பும் கூடும். ஆந்த்ரோபிக்கே 2025 நவம்பரில் இதைப் பற்றி எழுதியது. டூல்களை நேராக அழைக்காமல், ஏஜென்ட்டைக் கோட் எழுதவைத்து அதன் வழியாக அழைத்தால், 1,50,000 டோக்கன் பிடித்த ஒரு வேலை 2,000-இல் முடியும் என்று கணக்குக் காட்டினார்கள். நெறிமுறையை உருவாக்கியவர்களே அப்படிச் சொல்லும்போது எல்லாவற்றையும் போட்டு வைப்பதில் என்ன பெருமை?

இதைத் தொட்டு நூல்கண்டுக்கு ஒன்று. உங்கள் இரண்டாவது வேலை, தமிழ் வாசகங்களை இடம் பார்த்துப் போடுவது. அதற்கு ஏஜென்ட் எதற்கு? வாசகங்கள் அட்டவணையாக வருகின்றன, எது எந்த லேயர் என்று தெரியும். லேயர் பெயரையும் வாசகத்தையும் பொருத்தி மாற்றும் சின்ன ஃபிக்மா பிளகின் ஒன்றை ஏஜென்ட்டையே எழுதச் சொல்லுங்கள். பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவு, டோக்கன் செலவு இல்லை. டாக் டு ஃபிக்மா வழியாக நூறு லேயர்களை ஒவ்வொன்றாக அழைத்து மாற்றினால், நடுவில் எங்காவது வெப்சாக்கெட் அறுந்து பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று நிற்கும்.

கட்டம்போடுபவள் எழுதியது:

சரியான யோசனை, ஆனால் வாசகம் மாறியதோடு வேலை முடியாது சார். தமிழ் என்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

பிளகினில் எழுத்தை மாற்றுமுன் அந்த எழுத்துருவை ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பிழை வரும். ஆங்கில வடிவமைப்பு பெரும்பாலும் இன்ட்டர் எழுத்துருவில் இருக்கும். அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. ஃபிக்மா வேறு ஒன்றை வைத்துச் சமாளித்துக் காட்டும். பார்க்க ஏதோ இருக்கிற மாதிரி இருக்கும், ஆனால் வரி உயரமும் கனமும் நீங்கள் நினைத்தது இல்லை. பிளகின் வாசகத்தோடு எழுத்துருவையும் நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒன்றுக்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது வரி உயரம். மேலே இகரக் குறி, கீழே உகரக் குறி என்று தமிழ் எழுத்து இரண்டு பக்கமும் நீளும். ஆங்கிலத்துக்கு இறுக்கிப் பிடித்த வரி உயரத்தில் தமிழைப் போட்டால் இரண்டு வரிகள் முட்டிக்கொள்ளும். அகலத்தைச் சொல்லவே வேண்டாம். நிலையான அகலம் வைத்த பொத்தான்களில் வாசகம் வெளியே வழியும்.

ஏஜென்ட்டோ பிளகினோ "மாற்றிவிட்டேன்" என்றுதான் சொல்லும், வழிந்ததைச் சொல்லாது. இங்கேதான் எனக்கு ஏஜென்ட் பயன்படுகிறது. பிளகின் மாற்றியபின், ஃபிக்மா சர்வரின் ஸ்கிரீன்ஷாட் டூலால் ஒவ்வொரு ஃபிரேமையும் பார்க்கச் சொல்லி, எங்கே வழிகிறது, எங்கே வெட்டுப்படுகிறது என்று பட்டியல் கேளுங்கள். எல்லாவற்றையும் பிடிக்காது, பெரிய விபத்துகளைப் பிடிக்கும். கோட் ஆனபின் இதே வேலையை பிரௌசரில் செய்ய மைக்ரோசாஃப்ட்டின் பிளேரைட் எம்சிபி இருக்கிறது. அது பக்கத்தைப் படமாகப் பார்க்காமல் அணுகல்தன்மை மரமாக (திரைவாசிப்பான்களுக்கான உறுப்புப் பட்டியலாக) படிக்கும்; பொத்தானை அழுத்திப் பார்க்கவும் படிவம் நிரப்பவும் அருமை. ஆனால் தமிழ் வரிகள் முட்டுவது மரத்தில் தெரியாது. அதற்குத் தனியாக ஸ்கிரீன்ஷாட் கேட்க வேண்டும்.

வலைவீசி எழுதியது:

பிளெண்டர் எம்சிபி யாராவது பார்த்தீர்களா? புடவையை முப்பரிமாணத்தில் காட்டலாம் என்று ஓர் ஆசை.

பூட்டுசாவி எழுதியது:

2025 மார்ச்சில் வந்தபோது எல்லோரும் விளையாடினோம். அதுவும் செருகுநிரலும் சாக்கெட்டும்தான், 9876-ஆம் போர்ட். ஏஜென்ட் எழுதும் பைத்தானை பிளெண்டருக்குள் அப்படியே ஓட்டும் டூல் அதில் உண்டு. கோப்பைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். எளிய பொருள்கள், வெளிச்சம் எல்லாம் சுவாரசியமாக வரும். புடவை மடிப்புக்கு இன்னும் மனிதர்தான் வேண்டும்.

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறோம். ஒரு டெவ் இருக்கை வாங்கி ஃபிக்மாவின் தொலை சர்வர், படிப்பதற்கு மட்டும். தமிழ் வாசகத்துக்குச் சொந்தமாக ஒரு சின்ன பிளகின். என்8என்னில் எம்சிபி டிரிக்கர் வைத்து ஆர்டர் நிலை என்ற ஒரே டூல், குறிப்புக் கட்டம் இல்லாமல். என்8என்-எம்சிபி சோதனைக் கணினியில் மட்டும்.

அந்தக் கடைசி ஒன்றில்தான் இப்போது நிற்கிறேன். விண்டோஸில் என்பிஎக்ஸ் (என்பிஎம் தொகுப்பை ஓட்டும் கட்டளை) வழியாக ஓட்டினால் கிளாட் கோட் "இணைப்பு மூடப்பட்டது" என்கிறது. டெர்மினலில் அதே கட்டளை ஓடுகிறது.

தறியோட்டி எழுதியது:

விண்டோஸில் நேராக என்பிஎக்ஸை அழைக்க முடியாது. கட்டளை இருக்கும் இடத்தில் சிஎம்டி என்று போட்டு, அதன் முதல் வாதமாகச் சாய்கோடும் சி எழுத்தும், அதற்குப் பிறகு என்பிஎக்ஸும் மற்றவையும் வர வேண்டும்.

அதன் பிறகும் மூடினால், ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் ஏதாவது அச்சாகிறதா என்று பாருங்கள். உள்ளூர் எம்சிபி சர்வர் அந்தக் குழாய் வழியாகத்தான் ஏஜென்ட்டோடு பேசுகிறது. ஒரு வரவேற்புச் செய்தி வந்தால்கூட ஜேசன் உடைந்துவிடும். என்8என்-எம்சிபிக்கு எம்சிபி முறை என்று ஒரு சூழல் மாறி உண்டு, அதை எஸ்டிடிஐஓ என்று வைத்தீர்களா? பதிவுச் செய்திகளையும் அமைதியாக்குங்கள்.

நூல்கண்டு எழுதியது:

சிஎம்டி போட்டதும் இணைந்தது, ஆனால் ஜேசன் பிழை வந்தது. சூழல் மாறியை வைத்ததும் டூல் பட்டியல் முழுதாக வந்துவிட்டது. நன்றி அண்ணா. ஃபிக்மா பக்கம் முதலில் தள்ளுபடிப் பக்கத்தைக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம்.

கட்டம்போடுபவள் எழுதியது:

தள்ளுபடிப் பக்கத்திலா? விலை, பழைய விலை, சதவீதப் பட்டை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். முதலில் பொருள் அட்டையை மட்டும் கொடுங்கள். அது சரியாக வந்தால் பக்கத்தில் முக்கால்வாசி அதுவேதான்.